ஐந்து கம்பெனி நம்பிய ஆள்

அந்த வருசத் தீபாவளிக்கு அச்சங்குளத்தில் ஒரே ஒரு கூரைதான் எரிந்தது. அது ஊர்க்காவலனின் கூரை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் அவன். அவன் கலந்த மருந்து மதராஸ் வரைக்கும் போய் வானத்தில் பூப்பூவாய் விரிகிறது. அவன் வீட்டு மேலே விழுந்த வாணம் மட்டும் எந்தக் கம்பெனிச் சரக்கு என்று தெரியவில்லை. தெருக்காரர்கள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதைப் பற்றி வாதாடினார்கள்.

"நம்ம கம்பெனி வாணம் இம்புட்டு நேரம் எரியாதுப்பா."

"நம்ம கம்பெனி வாணமின்னா மொதல்ல மேலேயே போயிருக்காதுலே."

ஊர்க்காவலனும் சிரித்துவிட்டான். பானை சட்டியும் பிள்ளையும் வெளியே வந்து சேர்ந்த பிறகு வந்த சிரிப்பு. அவன் பெண்டாட்டி அய்யம்மாள் சிரிக்கவில்லை. அவள் கையில் பிள்ளையின் தொட்டில் சேலை இருந்தது. ஓலைக்கங்கு விழுந்து அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் விரலை விடுவதும் எடுப்பதுமாக நின்றாள்.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருக்கன்குடிக்குத் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஓடு போட்ட வீடு கட்டிட்டுச் சொல்லி விடுங்க. வாரேன்."

சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் நாலு பேரை அனுப்பிச் சமாதானம் பேசலாம். அவளோ, அவனுக்கு மத்தியானத்துக்குக் கஞ்சி ஊற்றி, தொட்டுக்கொள்ள வெங்காயமும் உரித்து வைத்துவிட்டுப் போனாள். அப்படிப் போகிறவளை எந்தச் சமாதானம் பேசிக் கூப்பிடுவது?

அவன் எரிந்த பாதியைப் பனையோலையால் மறைத்துக் கட்டிக்கொண்டு தனியாகக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சேவு வாங்கிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போனான். மாமியார் முத்துப்பேச்சி கோயில் வாசலில் தேங்காய், கற்பூரத் தட்டு விற்கிறவள். மருமகனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம் அவன் முகமோ குணமோ இல்லை. அவன் வாங்கியிருந்த முன்பணம்.

முன்பணம் என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். நடந்த கூத்தெல்லாம் அதனால்தான். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை இருக்காது. அப்போது கம்பெனிக்காரர்கள் நல்ல வேலையாளாகத் தேடி வந்து, அடுத்த சீசனுக்கு எங்களிடம் வா என்று கையில் ரூபாய் கொடுப்பார்கள். அதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அங்கே வேலை பார்க்கிற வரைக்கும் அது பேரில் நிற்கும். வேறொரு கம்பெனி அந்த ஆளைக் கேட்டால், பழைய கம்பெனிக்குரிய பணத்தை அவர்களே தீர்த்துவிட்டு, மேலே கொஞ்சம் கையில் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். ஆக, முன்பணம் ஏற ஏற ஆளுக்கு மதிப்பு ஏறும். முன்பணமே இல்லாதவன் என்றால், இவனிடம் என்ன கோளாறோ என்றுதான் ஊர் பார்க்கும். பெண் பேச வந்தபோது முத்துப்பேச்சி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"பையன் பேர்ல எம்புட்டு நிக்குது?"

"நூத்தம்பது."

"அப்ப வெத்திலையை எடுங்க."

இப்போது அது முந்நூறு. மருந்து கலக்குவது எல்லாக் கையாலும் ஆகிற வேலை இல்லை. ஊர்க்காவலனைக் கம்பெனிகள் போட்டி போட்டு இழுத்தன.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பால்துரைதான் வீட்டுக் கடன் விசயத்தைச் சொன்னார். விருதுநகரில் வீடு கட்டக் கடன் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. சொந்த இடத்தை அடமானமாக எழுதிக் கொடுத்தால் ரூபாய் தருவார்கள். பதினைந்து வருசத்தில் மாசாமாசம் கட்டித் தீர்க்கலாம். ஊர்க்காவலனுக்கு அப்பன் வழியில் மூன்று சென்ட் இடம் இருந்தது. அப்பன் பண்ணையில் உழைத்த உழைப்புக்குக் கடைசிக் காலத்தில் கிடைத்தது.

"இடம் மட்டும் பத்தாதுப்பா," என்றார் வாத்தியார். "ஆளு நாணயமான ஆளான்னு பார்ப்பாங்க. இதுக்கு முன்னால பணம் கை மாறின விசயத்தில நீ எப்படின்னு கேப்பாங்க."

ஊர்க்காவலனுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. அதில்தானே அவனை மிஞ்ச ஆள் கிடையாது!

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாத்தூரிலிருந்து பஸ் ஏறினான். சங்கம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. காரியதரிசி மாணிக்கராஜ் கண்ணாடி போட்டவர், இருமல்காரர்.

"உக்காருங்க."

ஊர்க்காவலன் நாற்காலியைப் பார்த்தான். "இருக்கட்டுங்கய்யா."

"நீங்க நின்னா நான் அண்ணாந்துல்ல பேசணும்? கழுத்து வலிக்கும். உக்காருங்க."

நாற்காலியில் பாதியில் மட்டும் உட்கார்ந்தான். காரியதரிசி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடம் சுத்தமா இருக்கு. வில்லங்கம் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும் கேக்கலாம். வேற எங்கயாவது பணம் வாங்கியிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் பஸ்ஸில் வரும்போதெல்லாம் காத்திருந்தான். பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளைச் சொல்வது போல ஒவ்வொன்றாய்ச் சொன்னான். முதல் கம்பெனியில் ஐம்பது. அடுத்ததில் தொண்ணூறு. பிறகு நூற்றைம்பது, இருநூற்று இருபது. இப்போது இருக்கிற இடத்தில் முந்நூறு.

"அஞ்சு கம்பெனிங்கய்யா! அஞ்சும் என்னை நம்பிக் குடுத்திருக்காக. எங்க ஊர்ல வேற எவனுக்கும் கிடையாது."

பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா இருமுகிற மாதிரி சிரித்தான். காரியதரிசிக்கு அன்றைக்கென்று இருமல் வரவில்லை.

"ஆக எண்ணூத்துப் பத்து ரூபாய் கடன்."

"கடனில்லைங்கய்யா. முன்பணம்."

"திருப்பிக் குடுத்தீங்களா?"

"அதை எதுக்குய்யா குடுக்கணும்?"

குமாஸ்தா மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினான். ஊர்க்காவலனுக்கு எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் பிடிபட்டது. வேக வேகமாக விளக்கினான்.

"மொதக் கம்பெனிக்காரக அம்பதை ரெண்டாவது கம்பெனி தீத்துட்டாக. எங்கையில நாப்பது குடுத்தாக. அது தொண்ணூறு. அந்தத் தொண்ணூறை மூணாவது கம்பெனி தீத்துட்டாக. இப்படியே போயி, எம் பேர்ல நிக்கிறது கடேசி முந்நூறு மட்டுந்தான். மத்ததெல்லாம் அதுக்குள்ளயே கிடக்குய்யா. பெரிய பானைக்குள்ள சின்னப் பானை இருக்கும்ல, அது கணக்கா."

மாணிக்கராஜ் கேட்டுக்கொண்டார். அவருக்குப் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"தீர்த்ததுக்கு ரசீது?"

"ரெண்டு கம்பெனி கணக்கப்பிள்ளையும் காப்பிக்கடையில உக்காந்து பேசி முடிச்சுக்கிடுவாக. காப்பிக்கு மட்டும் நான் காசு குடுப்பேன்."

"ஊர்க்காவலன், நீங்க சொல்றது எனக்கு விளங்குது. எனக்கு விளங்கி என்ன செய்ய? கூட்டத்தில டைரக்டருங்க உக்காருவாங்க. அஞ்சு இடத்தில வாங்கினவன், ஒண்ணையும் அடைச்சதுக்குத் தாள் இல்லாதவன், ஆறாவதா நம்மகிட்ட வந்திருக்கான்னுதான் அவங்க கண்ணுக்குத் தெரியும்."

ஊர்க்காவலன் தன் கைகளையே பார்த்தான். எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் வெள்ளி நிறம் போகாத கைகள்.

"நான் இதைச் சொல்லாமலே இருந்திருந்தா என்னய்யா?"

"நாங்க ஆள் அனுப்பி விசாரிப்போம். எப்படியும் தெரிஞ்சிருக்கும்," என்றார் காரியதரிசி. சங்கத்தில் அப்படி அனுப்ப ஆளே கிடையாது. குமாஸ்தாவுக்குத் தெரியும்.

ஒவ்வொரு கம்பெனியிலும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி வரவேண்டும். இல்லாவிட்டால் வசதியான ஒருவர் ஜாமீன் போடவேண்டும். இரண்டில் ஒன்று. அதைச் சொல்லி மாணிக்கராஜ் மாடிப்படி வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

தாள் வாங்கப் புறப்பட்டான் ஊர்க்காவலன். முதல் கம்பெனி இருந்த இடத்தில் சுவர் மட்டும் நின்றது. ஒரு விபத்துக்குப் பிறகு லைசென்சு போய், கூரை ஓடுகளையும் நிலைக்கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. ஆட்டிடம் கையெழுத்து வாங்க முடியாது. சும்மா கொஞ்ச நேரம் அதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினான்.

இரண்டாவது கம்பெனியில் கணக்கப்பிள்ளை சோலைச்சாமி இருந்தார். ஆளைக் கண்டதும் வாய் நிறைய வரவேற்றார்.

"ஏலே, ஊர்க்காவலா! வா வா. உனக்கு இங்கன பாக்கியா? ஒத்தப் பைசா கிடையாது. நீ தங்கமான ஆளுலே." கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்கண்ணாச்சி."

"தாளா?" குரல் இறங்கிவிட்டது. "உனக்கு ஒரு தாள் குடுத்தா நாளைக்கு வேலையை விட்டுப் போற ஒவ்வொருத்தனும் தாள் கேப்பான். கம்பெனியில அந்தப் பழக்கம் கிடையாதுப்பா. வாயால எம்புட்டு வேணும்னாலும் சொல்லுதேன். அந்த விருதுநகர் ஆளை இங்கன கூட்டிட்டு வா, அவரு முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

மூன்றாவது கம்பெனியில் முதலாளி ஊரில் இல்லை. எப்போது போனாலும் இல்லை. நாலாவதில் இருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு உற்சாகமாகிவிட்டார். "தாள் தானே? தாராளமாத் தாரேன். ஆனா நீ இந்த சீசனுக்கு இங்கன வந்திரணும். உன் முந்நூறை நான் தீத்துருதேன், மேல நூறு கையில தாரேன்."

கடன் இல்லை என்று எழுதித் தர, இன்னும் நூறு ரூபாய் கடன். ஊர்க்காவலன் கும்பிட்டுவிட்டு வந்தான். நாலாவது மட்டும் கிடைத்தாலும் மற்ற மூன்றுக்கு எங்கே போவான்?

அவன் அலைகிற சேதி அவனுக்கு முன்னாலேயே இப்போதைய கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏலே, சொந்த முதலாளி நான் ஒருத்தன் இருக்கேன். என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"சங்கடமா இருந்துச்சு மொதலாளி."

"என்னலே சங்கடம்? ஜாமீன் நான் போடுதேன். மாசத் தவணையை உன் சம்பளத்துல பிடிச்சு நானே கட்டிருதேன். உனக்கு விருதுநகருக்கு அலைச்சல்கூட இல்ல." எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "தவணை தீர்ற வரைக்கும் நீ இங்கனதான். வேற கம்பெனி கிடையாது. அதுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிடுவோம். அப்புறம், ஒத்தச் சம்பளத்துல தவணையும் கட்டி நீ என்னத்தைத் திம்ப? உம் பொண்டாட்டியும் வேலைக்கு வரட்டும். திரி வைக்க ஆள் பத்தல."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் ஊர்க்காவலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளியே வந்து மனசுக்குள்ளேயாவது வைதிருப்பான். அவர் நல்லதுதான் சொன்னார். அதுவும் சிரித்துக்கொண்டே காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். பதினைந்து வருசம் என்பதைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடலாம். அய்யம்மாள்தான் தொண்டையில் நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வைப்பாற்று மணலில் நடந்து போகும்போது என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். ஓட்டு வீட்டைச் சின்னதாகவும் கம்பெனியைப் பெரிசாகவும் சொல்லவேண்டும். அவளே வேண்டாம் என்று சொல்லும்படி சொல்லவேண்டும். அவள் வேண்டாம் என்றால் அவன் மேல் தப்பில்லை. கூரையே போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்ச காலம் இப்படியே ஞாயிற்றுக்கிழமைக்குச் சேவு வாங்கிக்கொண்டு வரலாம்.

அவன் ஜாமீன் என்று சொன்னதுதான் தாமதம், முத்துப்பேச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"மொதலாளியே ஜாமீனா! கேட்டியாடி? எம் மருமகன் கையெழுத்துக்கு மொதலாளி காவல்!"

"அத்தை, செத்த இருங்க."

"எதுக்கு இருக்கணும்? இந்தக் கோயில் வாசல்ல எவளுக்கு இப்பிடி ஒரு மருமகன் வாய்ச்சிருக்கான்?"

அய்யம்மாள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "சீமை ஓடா, நாட்டு ஓடா?"

"சீமை ஓடு."

"பொறி விழுந்தா?"

"விழுந்தா அணைஞ்சிரும்." நிறுத்திவிட்டு, தயாராக வைத்திருந்ததை எடுத்தான். "ஆனா நீ கம்பெனிக்கு வேலைக்கு வரணும். திரி வைக்க."

"வாரேன்."

"அது பட்டாசுக் கம்பெனி அய்யம்மா."

"நீங்க இம்புட்டு வருசமா எங்க போயிட்டு வாரீக? காப்பிக்கடைக்கா?"

முத்துப்பேச்சி சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. சித்திரை வெயிலில் மருந்து தானாகவே சூடேறும் என்பது. இரும்புக் கரண்டி ஒன்று கை தவறிக் கீழே விழுந்ததற்காக எல்லோரும் வேலியைத் தாண்டி ஓடியது. மருந்து அறை வெடித்த பிறகு, கூட வேலை பார்த்த ஒருவனின் செருப்பு மட்டும் வெளியே கழற்றி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கும்போதெல்லாம், "ஒரு பயமும் இல்ல, அங்கன எல்லாம் சூதானமாத்தான் நடக்கும்," என்றே சொல்லி வந்திருக்கிறான். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது? மாற்றிச் சொன்னால், நாளையிலிருந்து அவன் வேலைக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அவள் என்ன ஆவாள்?

"வேலை கஷ்டமா இருக்கும்," என்றான் கடைசியில். "கை கறுத்துப் போயிரும்."

"போகட்டும். வீட்டுக்குத்தானே."

"பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் முத்துப்பேச்சி. "அங்கனயே வந்திருதேன். ஓட்டு வீட்டுல எனக்கும் ஒரு மூலை இருக்கும்ல மருமகனே?"

"இருக்கும் அத்தை."

அய்யம்மாள் அப்போதே எழுந்து கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். வீடு கட்டவே இன்னும் மாசக்கணக்கில் ஆகும் என்று சொன்னான். ஆகட்டும், இனிமேல் ஓலைக்குள்ளே இருந்தாலும் பயமில்லை, ஓடு வரப்போகிறதல்லவா என்றாள்.

சங்கத்தில் மனு பாஸாகிவிட்டது. மாணிக்கராஜ் ஒப்பந்தத்தையும் ஜாமீன் தாளையும் முழுக்கப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சங்கத்துக்கு இது போதும், ஊர்க்காவலன்."

அவனுக்குப் போதுமா என்று கேட்க வாயெடுத்தவர், இருமல் வந்து விட்டுவிட்டார். குமாஸ்தா மையைத் திறந்து வைத்தான். அவனுக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்க்காவலன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அவன் வாழ்க்கையில் தாளில் எழுதி வாங்கிய முதல் கடன் அதுதான். கம்பெனி முன்பணம் ஐந்தும் எழுதாத கடன்; பிடிக்காவிட்டால் எவனாவது ஒருவன் தீர்த்துவிட்டு அவனைக் கூட்டிப்போவான். இதை யாரும் தீர்த்துக் கூட்டிப்போக முடியாது.

வீடு எழும்பியது. ஓடு ஏற்றிய அன்றைக்கு அய்யம்மாள் அடுப்புக் கங்கு ஒன்றை எடுத்து வந்து ஓட்டு விளிம்பில் வைத்து, அது தானாகச் சாம்பலாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே அதைப் பார்த்துச் சிரித்தது. அவள் பாட்டுக்கு இறங்கிப் போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

அவள் வேலைக்கு வருவதற்கு முந்தின நாள் ஊர்க்காவலன் முதலாளியிடம் போய் நின்றான்.

"மொதலாளி, ஒரே ஒண்ணு கேக்கணும்."

"சம்பளமா?"

"இல்ல மொதலாளி. அவளுக்கு வேலியோரத்துல இருக்கிற அந்தக் கடேசி அறையைக் குடுங்க."

"அதுவா? குடிதண்ணிக்குக்கூட நடக்கணுமேலே." முதலாளிக்கு வேடிக்கையாக இருந்தது. "எல்லாப் பயலும் பொண்டாட்டியைப் பக்கத்துல போடச் சொல்லுவான். நீ என்ன, உன் மருந்து அறைக்கும் அதுக்கும் இந்தக் கோடி அந்தக் கோடி. உங்களுக்குள்ள சண்டையா?"

"ஆமா மொதலாளி. சண்டை."

"ஓட்டு வீட்டுக்கு வந்த உடனேயேவா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி அறையைக் கொடுத்துவிட்டார். கம்பெனி முழுக்க அன்றைக்கு அதே பேச்சு.

முதல் நாள் மத்தியானம் அய்யம்மாள் தூக்குவாளியோடு வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்தாள். மருந்து அறைக்குப் பக்கத்தில் அவள் வந்துவிடக் கூடாது என்று அவன் பாதி வழிக்கு ஓடிப்போய் அவளை நிறுத்தி, வேப்பமரத்துக்கு அடியில் உட்காரவைத்தான்.

"என்ன இம்புட்டு எட்டத்துல போட்டிருக்காக? உங்க அறைக்குப் பக்கத்துலயே ரெண்டு அறை ஆள் இல்லாமக் கிடக்கு. மொதலாளிட்டச் சொல்லி மாத்தச் சொல்லுங்களேன்."

"கேட்டுப் பாக்கேன்," என்றான்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். "சொன்னீகளா?"

"சொன்னேன். முடியாதுங்காரு."

"கல்நெஞ்சுக்காரன்," என்றாள் அய்யம்மாள். "புருசன் பொண்டாட்டி சேந்து ஒரு வாய் சாப்பிடக்கூட விட மாட்டேங்கான்."

"ஆமா," என்று அவனும் சேர்ந்து முதலாளியை வைதான். அதற்குப் பிறகு சீசன் தவறாமல் அவள் கேட்பதும், அவன் கேட்டுவிட்டதாகச் சொல்வதும், இரண்டு பேருமாய் வேப்பமரத்தடியில் முதலாளியை வைவதும் வழக்கமாகிவிட்டது. வைது முடித்ததும் அவள் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு கடைசி அறைக்கு நடப்பாள். அவள் வேலியோரம் போய்ச் சேர்கிற வரைக்கும் அவன் மருந்து அறைக்குள் காலை வைப்பதில்லை.